‘எதுவா இருந்தாலும் கேளுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு

புதிதாக ஒரு ஆசிரியர் வேலைக்குச் சேரும் நாளில் மூத்தவர் யாராவது ஒருவர் இந்த வசனத்தைச் சொல்லியே தீருவார்: "எதுவா இருந்தாலும் கூச்சப்படாம கேளுங்க." மனதாரத்தான் சொல்வார். நானும் மனதாரத்தான் சொல்லியிருக்கிறேன், ஒரு பத்துப் பதினைந்து பேரிடமாவது. அவர்கள் என்னிடம் வந்து கேட்டதெல்லாம் ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கினால் யாரைக் கூப்பிடுவது, விடுப்புக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது, இந்த மாதிரி சங்கதிகள்தான். "மேடம், எட்டாம் வகுப்பு பி பிரிவில் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை, அந்த பீரியடுக்கு முந்தைய பீரியடிலேயே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது" என்று ஒருவர்கூட வந்து சொன்னதில்லை. அப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வகுப்பில்தானே இருக்கிறேன், சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

ஏன் கேட்க மாட்டார்கள் என்றால், இந்த வேலையில் கேட்பது என்பது ஒப்புக்கொள்வது மாதிரி ஆகிவிடுகிறது. புதிதாக வந்த மருத்துவரிடம் யாரும் முதல் நாளே பெரிய அறுவை சிகிச்சையை ஒப்படைப்பதில்லை. ஆசிரியருக்கு மட்டும் முதல் நாள் காலையிலேயே, இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்டவர் என்ன வேலை செய்கிறாரோ அதே வேலை, அதே எண்ணிக்கையில் பீரியடுகள், அதே அளவு தேர்ச்சி எதிர்பார்ப்பு. கதவைச் சாத்தினால் உள்ளே அவரும் நாற்பது பிள்ளைகளும்தான். எல்லோருக்கும் ஒரே வேலை என்று ஆனபின், "எனக்கு இது வரவில்லை" என்று எந்த வாயால் சொல்வார்?

இன்னொன்றும் இருக்கிறது. டேன் லார்ட்டி என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1975-இல் ஒரு கணக்குச் சொன்னார்: பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார். வேறு எந்தத் தொழிலையும் நாம் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதனால்தான் ஆசிரியர் வேலை என்றால் என்ன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் ஒரு கருத்தும் உண்டு. ஆனால் நாம் பார்த்தது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. அந்த டீச்சர் உள்ளே நுழைந்த வேகத்தில் யாரை முதலில் பார்த்தார், ஏன் அந்தக் கேள்வியை அந்தப் பையனிடம் கேட்டார், பாதியில் ஏன் பாடத்தை நிறுத்திவிட்டு எழுதச் சொன்னார், இதெல்லாம் நமக்குத் தெரியவே தெரியாது. தெரியாதபடி செய்வதுதான் அவருடைய திறமை. ஆக, புதிதாக வருகிறவர் மனதில் இருக்கும் சித்திரம் என்னவென்றால், நல்ல ஆசிரியர் என்றால் போவார், பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள். தனக்கு அப்படி நடக்கவில்லை என்றால், கோளாறு தன்னிடம்தான். இந்த நினைப்பு வந்துவிட்டவர் உங்களிடம் வந்து வாயைத் திறக்கவே மாட்டார், நீங்கள் எத்தனை முறை கூச்சப்படாதீர்கள் என்று சொன்னாலும் சரி.

சரி, நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

துறைப் பொறுப்பு எனக்கு வந்த வருஷம் ஒரு இளைஞர் சேர்ந்தார். பாடத்தில் நல்ல அறிவு, என்னைவிடக் கூடுதலாகவே. வகுப்பு மட்டும் கையில் நிற்கவில்லை. எனக்கு உதவி செய்ய ஆசை. ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வகுப்பு முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, குறித்து வைத்த பதினான்கு விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல், கரும்பலகையில் எழுத்தின் அளவு, வலது பக்க வரிசையைப் பார்ப்பதே இல்லை, கேள்விக்குப் பதில் அவரே சொல்லிவிடுகிறார், இப்படி. "ரொம்ப நன்றி மேடம்" என்றார். அதற்கு அடுத்த முறை நான் வகுப்புப் பக்கம் வருவது தெரிந்ததும் பாடத்தை நிறுத்திவிட்டுத் திடீர்த் தேர்வு வைத்துவிட்டார். தேர்வு எழுதும் வகுப்பில் சத்தம் இருக்காது அல்லவா. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பாதி வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார்.

அந்தப் பதினான்கில் ஒன்றுகூடத் தப்பில்லை. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே நாளில் பதினான்கைத் திருத்திக்கொள்ள யாரால் முடியும்? எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் வலது பக்க வரிசை பாதி நாள் மறந்துபோகிறது. அதைவிடப் பெரிய தப்பு, அவருடைய வேலையை உறுதிப்படுத்தும் அறிக்கையை எழுத வேண்டியவளும் நான்தான். மதிப்பெண் போடுகிறவரிடம் போய் யாராவது "எனக்குத் தெரியாது" என்று சொல்வார்களா? பிள்ளைகளே சொல்ல மாட்டார்கள்.

இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து புதிய ஆசிரியர்களுக்கான அறிமுகக் காலத்தை இரண்டு வருஷமாக்கினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், வழிகாட்டி வேறு, மதிப்பிடுகிறவர் வேறு என்று பிரித்ததுதான். தவிர்க்கவே முடியாத நிலை வந்தாலொழிய இரண்டு பொறுப்பையும் ஒருவரிடமே கொடுக்காதீர்கள் என்று விதியிலேயே சொல்லியிருக்கிறார்கள். கூடவே, முதல் வருஷம் பாட நேரத்தில் 10 சதவீதமும் இரண்டாம் வருஷம் 5 சதவீதமும் புதியவருக்குக் குறைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை, காகித வேலை கழுத்தை நெரிக்கிறது என்று அங்குள்ள ஆசிரியர்களே புலம்புகிறார்கள். ஆனாலும் நேரத்தைக் கால அட்டவணையிலேயே எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். பல இடங்களில் வழிகாட்டி ஆசிரியர் என்றால் ஒரு சுற்றறிக்கை, ஒரு பதிவேடு, மாதம் ஒரு கையெழுத்து. மாதக் கடைசியில் நான்கு வாரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன்.

தலைமையில் இருப்பவர்களிடம் இதைப் பேசினால் முதலில் வரும் பதில், "ஆள் இல்ல, பீரியட் எங்கிருந்து குறைக்கிறது?" நியாயம்தான். ஆனால் ஒன்று கவனித்துப் பாருங்கள். எந்த வகுப்பை யாரும் எடுக்க விரும்பவில்லையோ அது புதியவருக்குப் போகும். மூத்தவர்கள் ஏப்ரலிலேயே பேசி நல்ல பிரிவுகளை எடுத்துக்கொண்டிருப்பார்கள். யாராவது விடுப்பு எடுத்தால் சப்ஸ்டிட்யூஷன் புதியவருக்கு. ஆண்டுவிழாவா, விளையாட்டு விழாவா, தகவல் பலகை அலங்காரமா, "நீங்க சின்ன வயசு, எனர்ஜி இருக்கு, நீங்களே பாருங்க." ஒரு பீரியட்கூடக் குறைக்க வேண்டாம், இவற்றை மட்டும் ஒரு வருஷத்துக்கு அவர் தலையில் கட்டாமல் இருந்தாலே வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்! அமெரிக்காவில் ரிச்சர்ட் இங்கர்சால் என்பவர் பல வருஷமாக ஆசிரியர்கள் வேலையை விடுவதைப் பற்றி ஆய்வு செய்கிறார். அவர் கணக்கில் அங்கே புதிய ஆசிரியர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் ஐந்து வருஷத்துக்குள் அந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள். ஒருவர் நடுவருஷத்தில் போனால் அந்த வகுப்புகளை யார் எடுப்பது, மீண்டும் ஆள் தேடுவது, வருகிறவருக்கு மீண்டும் முதலிலிருந்து சொல்லித்தருவது, இதற்கெல்லாம் மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது.

"எங்களுக்கெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா? நாங்களா அடிபட்டுக் கத்துக்கலையா?" என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். தண்ணீரில் தள்ளிவிட்டதில் கரையேறியவர்கள் மட்டும்தானே ஓய்வறையில் உட்கார்ந்து கதை சொல்கிறோம். மூழ்கிப்போனவர் எங்கேயோ ஒரு அலுவலகத்தில், "எனக்கு டீச்சிங் செட் ஆகல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்புறம், அடிபட்டது நாம் மட்டுமில்லை. நாம் கற்றுக்கொண்ட அந்த முதல் இரண்டு வருஷத்துப் பிள்ளைகளும்தான் அடிபட்டார்கள்.

புதியவர்களுக்கு எது கஷ்டம் என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வீன்மன் என்ற டச்சு ஆய்வாளர் 1984-லேயே பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார், முதலிடத்தில் வந்தது வகுப்பு ஒழுங்கு. அதற்குப் பின்னால்தான் பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டுவது, திருத்துவது, பெற்றோரைச் சமாளிப்பது எல்லாம். அதிலும் நாம் பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் அறிவுரை சொல்கிறோம். "கொஞ்சம் கண்டிப்பா இருங்க", "ஆரம்பத்துலேயே சிரிக்காதீங்க" என்போம். ஜேக்கப் கௌனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறாக இருந்தது. குறும்பு நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதை வைத்து நல்ல வகுப்பையும் மோசமான வகுப்பையும் பிரிக்கவே முடியவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னாலேயே இருந்தது: முதுகிலும் கண் இருக்கிற மாதிரி எல்லாம் ஆசிரியருக்குத் தெரிகிறது என்று பிள்ளைகள் உணர்கிறார்களா, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கல் இல்லாமல் போகிறதா, இவற்றில். கண்டிப்பாக இரு என்று ஒருவருக்குச் சொல்வதால் பிரயோஜனம் இல்லை. "நோட்டைத் திருப்பித் தரும்போது வகுப்பு கலைந்துபோகிறது, நாளைக்கு முதலில் பலகையில் ஒரு கணக்கை எழுதி வைத்துவிட்டு, அவர்கள் அதைப் போடும்போது நோட்டைக் கொடுத்துப் பாருங்கள்" என்றால் பிரயோஜனம் உண்டு. நாளைக் காலையே செய்து பார்க்கலாம். ஒன்றே ஒன்று. அது பழகியபின் அடுத்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு முதல் முறை போகும்போது பக்கத்து நாற்காலியில் போய் உட்காருங்கள், அது போதும். பேசக்கூட வேண்டாம்.

இதையெல்லாம் நான் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. அந்த இளைஞர் போனபிறகு இரண்டு மூன்று வருஷம் நான் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கியே இருந்தேன், அதுவும் ஒரு தப்புதான். அப்புறம்தான் ஜப்பானிய ஆசிரியர்களின் பாட ஆய்வு முறையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம் அது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரிப்பார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள். பார்ப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. பாடம் சொதப்பினால் அது எல்லோரும் சேர்ந்து போட்ட பாடம், ஒருவர் தலையில் விழாது. மூத்தவரும் எடுப்பார், புதியவரும் எடுப்பார். நம் பள்ளிகளில் மூத்தவர் வகுப்பை யார் போய்ப் பார்க்கிறார்கள்? அதிகாரி வரும் நாளைத் தவிர?

போன வருஷம் ஒரு பெண் சேர்ந்தார். இந்த முறை "கேளுங்க" என்று நான் சொல்லவில்லை. "எனக்கு ஒரு உதவி வேணும்" என்றேன். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்து பார்த்திருக்கிறார். சராசரியாக ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, இன்னும் பலர் பேச முன்வருகிறார்கள். பயிற்சி வகுப்புகளில் இதை நானே பாடம் மாதிரி எடுத்திருக்கிறேன், அதனால் எனக்கு இது பழக்கமாகிவிட்டது என்று ஒரு நம்பிக்கை. என் மதியக் கடைசி பீரியடுக்கு வந்து, நான் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை வினாடி காத்திருக்கிறேன் என்று மட்டும் எண்ணிக் குறித்துத் தரும்படி அவரிடம் கேட்டேன். தயங்கினார். "மேடம், உங்க கிளாஸையா?" என்றார்.

வந்தார். வகுப்பு நன்றாகப் போகவில்லை. மின்னோட்டம் பற்றிய பாடம், சோதனைக்கு வைத்த பல்பு எரியவில்லை, பின்வரிசை மொத்தமும் சிரித்தது, பதற்றத்தில் நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனேன். மணி அடித்தபின் அவர் தாளை நீட்டினார். பதினேழு கேள்விகள். பதின்மூன்றுக்கு எதிரே ஒரு வினாடி என்றிருந்தது. இரண்டில் நான் காத்திருக்கவே இல்லை, பதிலை நானே சொல்லியிருக்கிறேன். மிச்சம் இரண்டில் மட்டும் மூன்று.

நான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேடம், உங்களுக்கும் அந்தப் பின்வரிசை அப்படித்தானா?" என்றார். ஆமாம் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எட்டு பி-ல எனக்கு என்ன ஆகுதுன்னா..." என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் எல்லாம் போனபிறகும், காவலர் வந்து கதவைப் பூட்டணும் என்று சொல்லும்வரை, அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.