பெருசுங்கள கிண்டல் பண்ணது போதும், தமிழ்ல பதில் சொல்ல ஆள் எங்க?

2025ல நடந்த அந்த கேபிள் கார் கதை ஞாபகம் இருக்கா? குவாக் ஸ்கைரைடுன்னு ஒரு வீடியோ, ஒரு பொண்ணு மைக்க புடிச்சிட்டு டூரிஸ்டுங்கள பேட்டி எடுக்குது, பின்னால மலை மேல கேபிள் கார் போவுது, அத நம்பி ஒரு வயசான தம்பதி கோலாலம்பூர்லேர்ந்து நம்ம பேராக் வரைக்கும் வந்துட்டாங்க. கேபிள் காரும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாமே ஏஐ, பேட்டி எடுத்த பொண்ணு உட்பட. அன்னிக்கு முகநூல் முழுக்க ஒரே சிரிப்பு. எனக்கு என்னமோ சிரிப்பு வரல. 1963ல நம்ம மலேசியாவுக்கு டிவி வந்ததுலேர்ந்து மைக் புடிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பழகுன தலைமுறை அது, அந்த பழக்கத்துக்குள்ளதான் இந்த பொய் வீடியோ பண்றவனுங்க பூந்து விளையாடுறானுங்க.

நான் சுங்கை சிப்புட். இங்க உள்ள பெருசுங்க நெறைய பேரு தோட்டத்துலேர்ந்து டவுனுக்கு வந்தவங்க, பால் மரம் சீவி பிள்ளைங்கள ஆளாக்குனவங்க. இவங்கள போயி "எத சொன்னாலும் நம்பிடும்"னு சொல்றாங்க பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சல். வெள்ளைக்காரன் தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டு போனப்ப அப்ப மந்திரியா இருந்த எங்க ஊரு துன் சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, அதுல பத்து பத்து வெள்ளியா கட்டி தோட்டத்தையே வாங்குனவங்க இவங்கதான். யாரோ எழுதி அனுப்புன பேப்பர பாத்தா காச குடுத்தாங்க? வந்து நின்னு பேசுன ஆள பாத்து குடுத்தாங்க. சேதியும் அப்படித்தான் வந்துச்சு, ரேடியோ ஆறுல (அரசாங்க தமிழ் வானொலி) தினமும் கேக்குற குரல், இல்லன்னா ஸ்கூல் போற பிள்ளைய உக்கார வச்சு தமிழ் நேசன படிக்க சொல்லி கேக்குறது (1924ல வந்த பேப்பர், 2019ல மூடிட்டாங்க). சேதிக்கு பின்னால எப்பவும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருப்பாரு.

இப்ப வாட்ஸ்அப்ல ஒண்ணு வருதுன்னா அது யாரு நம்பர்லேர்ந்து வருது? ஈப்போல இருக்கற மருமகன் நம்பர்லேர்ந்து. பாட்டிக்கு அது ஃபார்வர்ட் மெசேஜ் இல்லங்க, மாப்பிள்ளை சொன்ன சேதி. மேல ரெண்டு அம்புக்குறி சின்னதா இருக்கும், பல கை மாறி வந்ததுன்னு அர்த்தம், அந்த மாதிரி மெசேஜ ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் அனுப்ப முடியும்னு 2020லயே வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டாச்சு, ஆனா அந்த அம்புக்குறி என்னன்னு வீட்டுல யாராவது காட்டி குடுத்திருக்கோமா? போன வாங்கி குடுத்து ஃபேமிலி குரூப்ல சேத்துவிட்டு நம்ம குரூப்ப மியூட் பண்ணிட்டோம். அவ்ளோதான் நம்ம பங்கு.

எங்க பெரியம்மாவுக்கு இனிப்பு நீர், அதான் சக்கரை வியாதி. ஒரு ஆடியோ வந்துச்சு அவங்களுக்கு, சென்னை டாக்டர்னு சொல்லிக்கிட்டு ஒரு ஆள், நல்ல கணீர் குரல், சக்கரைக்கு குடுக்குற மெட்ஃபார்மின் மாத்திரைதான் கிட்னிய காலி பண்ணுது, நிறுத்திட்டு இந்த கஷாயத்த குடிங்கன்னு. பெரியம்மா உடனே நம்பிடல, அதத்தான் நான் சொல்ல வர்றேன். அரசாங்க கிளினிக்குக்கு மாத்திரை வாங்க போனப்ப கவுண்ட்டர்லயே போன ஸ்பீக்கர்ல போட்டு அந்த ஆடியோவ கேக்க வச்சிருக்காங்க. உள்ள இருந்தது ஒரு மலாய்க்கார பொண்ணு, பாவம், ஒரு வார்த்தை புரியல. "மக்கான் உபாட் மாச்சாம் பியாசா, மாச்சிக்"னு சிரிச்சிட்டு பைய குடுத்துருச்சு, வரிசை வேற நீளம். எப்பவும் போல சாப்பிடுங்கன்னு சொன்னது பெரியம்மாவுக்கும் புரிஞ்சிது, ஆனா கிட்னி கேள்விக்கு பதில் வரலையே. ஆடியோக்காரன் பத்து நிமிஷம் தமிழ்ல பொறுமையா விளக்குறான், நிஜமா தெரிஞ்சவங்க கிட்டேர்ந்து நாலு வார்த்தை மலாய். யாரு ஜெயிப்பா சொல்லுங்க? சக்கரை ஏறி கிடக்குறதுதான் கிட்னிய கெடுக்குது, ஏற்கனவே கிட்னி பலவீனமா இருந்தா மாத்திரை அளவ டாக்டர் கொறைப்பாரு இல்ல நிறுத்துவாரு, இத தமிழ்ல சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? 2019 தேசிய சுகாதார ஆய்வுல 18 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு, அதுலயும் நம்மாளுங்கதான் முன்னால நிக்குறோம்.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலன்னு சொல்ல மாட்டேன். பொய்ச் செய்திய சரி பாக்க செபெனார்ஞா இணையதளம் 2017லேர்ந்து இருக்கு. போயி பாருங்க, பெரும்பாலும் மலாய்ல இருக்கும். தமிழ்ப்பள்ளியில ஆறாம் வகுப்போட தோட்டத்துக்கு வேலைக்கு போன அம்மா அத எப்படி படிக்கும்?

இன்னொன்னு. அமெரிக்காவுல 2016 தேர்தல் சமயத்துல 65 வயசுக்கு மேல உள்ளவங்க சின்ன வயசுக்காரங்கள விட ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமா பொய்ச் செய்திய முகநூல்ல பகிர்ந்தாங்கன்னு ஒரு ஆய்வு, அத எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. அதே ஆய்வுல, மொத்தத்துல பத்துல ஒருத்தர் கூட பொய்ச் செய்தி பகிரலன்னும் இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. அதே நாட்டுல வயசானவங்களுக்கு தனியா பாடம் நடத்தி பாத்திருக்காங்க, படத்த எப்படி தேடி பாக்குறது, சொன்னவன் யாருன்னு எப்படி விசாரிக்கிறதுன்னு. பாடத்துக்கு முன்னால 64 விழுக்காடு சரியா கண்டுபுடிச்சவங்க பின்னால 85 விழுக்காட்டுக்கு வந்துட்டாங்க. வயசானா மூளைக்கு ஏறாதுன்னு சொல்றவங்க இத கொஞ்சம் பாருங்க.

அதுக்காக எல்லாத்துக்கும் மல்லுக்கு நிக்காதீங்க லா. திருநள்ளாறு கோயிலுக்கு மேல சேட்டிலைட் மூணு செகண்ட் நின்னு போவுதுன்னு தாத்தா அனுப்புனா அனுப்பிட்டு போகட்டும், யாருக்கு நஷ்டம்? மருந்தும் காசும், இந்த ரெண்டுல மட்டும் விடாதீங்க. எஸ்டிஆர் காசு, சாரா காசுன்னு அரசாங்க உதவித்தொகை பேர்ல லிங்க் வரும், அமுக்குனா ஐசி (அடையாள அட்டை) நம்பர் கேக்கும், பேங்க் பாஸ்வேர்ட் கேக்கும். 2025ல 18 வயசு ஆன குடிமக்கள் எல்லாருக்கும் குடுத்த அந்த நூறு வெள்ளி சாரா மனு எதுவும் போடாமலே மைகார்டுல (அதே ஐசிதான்) வந்துச்சுல, அதையே எடுத்துக்காட்டா சொல்லி புரிய வைங்க. காசு போயிருச்சுன்னா திட்டிக்கிட்டு உக்காராம உடனே 997க்கு (மோசடி புகார் மையம்) போன் போடுங்க, அந்த நம்பர பெரிய எழுத்துல எழுதி பிரிட்ஜ்ல ஒட்டுங்க. குரூப்ல எல்லாரும் பாக்க "இது பொய்ம்மா, செக் பண்ணாம அனுப்பாதீங்க"னு போடாதீங்க, மானம் போச்சுன்னா அடுத்த தடவ உங்களுக்கு அனுப்ப மாட்டாங்க, கோயில் குரூப்புக்கு அனுப்புவாங்க, உங்களுக்கு தெரியவே தெரியாது.

நம்ம பக்கத்துல தமிழ் பேசுற பார்மசிஸ்ட், நர்ஸ் யாராவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் மண்டபம் சும்மாத்தான் கிடக்கு, தலைவர்கிட்ட நான் பேசுறேன். வர்றவங்க மாத்திரைப் பையையும் போனையும் எடுத்துட்டு வரட்டும், டீ வடை என் செலவு.