காக்டெயில் கடிக்குதுன்னு புலம்புறதுக்கு முன்னாடி

காக்டெயில்னா (cockatiel) தலையில கொண்டை வெச்ச சின்ன வளர்ப்புக் கிளி. அதை வாங்கி வந்த அன்னைக்கே கூண்டுக்குள்ள கையை விட்டுத் துழாவுறவங்களைப் பார்த்தா வயிறு எரியுது. அது மூலைக்கு மூலை பறந்து, கம்பியில முட்டி, இறகு உதிர்ந்து ஒடுங்கி நிக்கும். அப்போ லபக்குன்னு பிடிச்சு, "பாரு, பழகிடுச்சு"ன்னு ஒரு வீடியோ வேற! பயத்துல உறைஞ்சு போய் நிக்குதுங்க அது.

கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கிற, இரையாகிற பறவை. தலைக்கு மேல இருந்து எது இறங்கினாலும் அதுக்கு வல்லூறுதான். கொண்டையைத் தலையோட ஒட்டிப் படிய வெச்சு, வாயைத் திறந்து 'ஸ்ஸ்ஸ்'ன்னு சீறுதே, கிட்ட வராதேன்னு சொல்லுது. அதுக்கப்புறமும் கையை நீட்டினா கடிக்காம என்ன செய்யும்? கடிச்சதும் வெடுக்குன்னு இழுக்கிறீங்க. கடிச்சா கை போயிடும்னு அது கத்துக்குது. அடுத்த தடவை சீறக்கூட செய்யாது, நேரா கடிதான்.

"ரெக்கையை வெட்டுங்க, அடங்கிடும்"னு கடையில யாரோ சொன்னா உடனே கத்தரியைத் தூக்குறீங்க. பறக்க முடியாதே தவிர, பயம் அப்படியேதான் இருக்கும். தப்பிக்க வழியில்லாததுக்கு அலகு ஒண்ணுதானே மிச்சம்! பட்டினி போடுறது அதைவிடக் கொடுமை. 80, 100 கிராம் உடம்புங்க அது.

முதல் ஒரு வாரம் தண்ணி, தீனி மாத்துறதோட சரி, கையை உள்ள விடாதீங்க. கூண்டு ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, நெஞ்சு உயரத்துல இருக்கணும். சமையலறை வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடேறினா வர்ற புகையிலேயே பறவை செத்துடும்.

தினைக்கதிரை தீனிக் கிண்ணத்துல போடாதீங்க, உங்க கையில மட்டும்தான் கிடைக்கணும். முதல்ல கம்பிக்கு வெளிய இருந்து நீளக் கதிரா நீட்டுங்க. தின்னத் தொடங்கினதும் நாளுக்கு நாள் கதிரைக் குட்டையாக்குங்க. அப்புறம் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திட்டு, கூண்டுக் கதவைத் திறந்து கையை உள்ள கொண்டு போங்க. கை மெதுவா, பறவையோட நெஞ்சுக்குக் கீழ இருந்து வரணும். கொண்டை படிஞ்சாலோ ஒரு எட்டு பின்னால வெச்சாலோ, அங்கேயே நிறுத்திக் கொஞ்சம் பின்வாங்குங்க. ஒரு தடவைக்கு 5 நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை. பதறாம தின்னுதா? ஆள்காட்டி விரலை காலுக்குக் கொஞ்சம் மேல, அடிவயித்துல லேசா ஒட்டி வையுங்க. ஏறினதும் தினை குடுத்திடணும், விரலை ஆட்டக்கூடாது.

கையால ஊட்டி வளர்த்த குஞ்சு சில நாள்லயே வரும். பெரிய கூண்டுல கூட்டத்தோட வளர்ந்ததுக்கு மாசக்கணக்காகலாம். ரெண்டாம் நாளே தோள்ல உக்காரணும்னா வாங்காதீங்க! (பச்சைக்கிளியைப் பிடிச்சு வளர்க்கிறதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம்.)

அப்புறம் அந்தத் தோல் கையுறை. அதை மாட்டிப் பிடிச்சுப் பிடிச்சுத்தான், கை கூண்டுப் பக்கம் வந்தாலே அதுக்குக் குலை நடுங்குது. இன்னைக்கே தூக்கிப் போடுங்க.