அந்தப் பேருந்துப் பயணம் வீண் இல்லை

2010 கோடையில், அப்போது கனடாவின் லிபரல் கட்சித் தலைவராக இருந்த மைக்கேல் இக்னாட்டியெஃப் ‘லிபரல் எக்ஸ்பிரஸ்’ பேருந்தில் நாட்டைச் சுற்றி வந்தது வீண் வேலை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நாளே ஒன்ராறியோவில் ஹாக்ஸ்பரி பக்கம் வண்டி பழுதாகி நின்றது. அப்புறமும் வாரக்கணக்கில் ஓடினார்கள். சரி, 2011 மே தேர்தலில் கட்சி 34 இடங்களுக்குச் சுருங்கியது, அவரும் தன் தொகுதியில் தோற்றார். அதற்காக அந்த உழைப்பே பொய்யாகிவிடுமா? தேர்தல் இல்லாத கோடையில் சின்ன ஊர்களைத் தேடிப்போய் நின்றாரே!

நான் ஒரு மாகாணத் தேர்தலில் பிரசார வேனில் பத்து நாள் போனவன். பார்பிக்யூ புகை ஏறிய சட்டையை நள்ளிரவில் மோட்டல் குளியலறையில் அலசிப் போடுவோம். விடியும்போது காலர் மட்டும் ஈரமாகவே இருக்கும். அதையே மாட்டிக்கொண்டு அடுத்த ஊரில் சிரித்தபடி இறங்குவோம்.