வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்து வாங்குங்கள்

பழைய பெட்ரோமாக்ஸும் பம்ப் ஸ்டவ்வும் தேடி அலைகிறவர்கள் இப்போது நிறையப் பேர். முகாமுக்குக் கொண்டுபோக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். நான் வாங்கினேன். பழம்பொருள் கடையொன்றில் முகம் பார்க்கலாம் போலத் தேய்த்து வைத்திருந்த பித்தளை ஸ்டவ். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்துத் தடவை பம்ப் அடித்ததும், கால் ஒட்டியிருக்கும் இடத்தில் பொட்டுப் பொட்டாக வியர்த்தது. மயிரிழை விரிசல். அதன்மேல் ஈயத்தைப் பூசி, பாலிஷ் போட்டு மறைத்திருக்கிறார்கள். நல்லவேளை, அதுவரை தீக்குச்சி உரசவில்லை.

அதிலிருந்து கடைக்காரரிடம் முதலில் நான் கேட்பது ஒரு வாளித் தண்ணீர். காலி டேங்கில் நாலைந்து தடவை மெதுவாகக் காற்றடித்து, நாசிலை விரலால் பொத்திக்கொண்டு, டேங்கைத் தண்ணீரில் முக்கினால் போதும். ஓட்டை இருந்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பம்ப் கைப்பிடி வழுக்கிக்கொண்டு இறங்கினால் தோல் வாஷர் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணெயில் ஊறப்போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கைப்பிடி தானாக மேலே எழும்பினால் உள்ளே இருக்கும் வால்வு போய்விட்டது, அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். கறுத்துப்போயிருப்பதும் நெளிவும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது எரிபொருள். என் கட்சி மண்ணெண்ணெய்க் கட்சி. கோல்மேன் 200ஏ அழகுதான், மறுக்கவில்லை. சிவப்பு டேங்க், ஒற்றை மேண்டில் (சூட்டில் ஒளிவிடும் வலைப்பை), 1951 முதல் 1983 வரை வந்த அமெரிக்க விளக்கு. அடியில் மாதமும் வருஷமும் பொறித்திருப்பதால், தான் பிறந்த மாதத்து விளக்கைத் தேடுகிறவர்கள்கூட உண்டு. ஸ்வீடன்காரர்களின் ஸ்வேயா 123 ஸ்டவ் அதைவிடக் குட்டி. பம்ப்பே கிடையாது, தன் சூட்டிலேயே அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். ஆனால் இரண்டுமே குடிப்பது வெள்ளை பெட்ரோல், அதாவது வண்டிக்கான கலவைகள் சேர்க்காத சுத்தமான பெட்ரோல். நம் ஊர்க் கடைகளில் அதை எங்கே போய்க் கேட்பது? பங்க் பெட்ரோலை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். மண்ணெண்ணெய் விளக்கில் பெட்ரோல் ஊற்றுவது இன்னும் மோசம், வெடித்துவிடும்.

ரேஷன் மண்ணெண்ணெயும் சுருங்கிவிட்டது, தெரியும். ஆனாலும் தேடினால் கிடைக்கிறது. சிந்தினாலும் பெட்ரோல்போல உடனே பற்றிக்கொள்ளாது. ஸ்டாக்ஹோமில் லிண்ட்குவிஸ்ட் 1892-ல் செய்த பிரைமஸ்தான் நம் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வுக்கெல்லாம் பாட்டன். திரி இல்லாமல், எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கி எரிக்கிற வித்தை. 1953-ல் எவரெஸ்ட்டில் பனியை உருக்கியதும் பிரைமஸ்தான். அவசரப்படாமல் ஸ்பிரிட் ஊற்றிப் பர்னரை நன்றாகச் சூடாக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அம்மா ஸ்பிரிட்டுக்குக் காசு எதற்கு என்று மண்ணெண்ணெயையே ஊற்றிப் பற்றவைப்பார். சமையலறைக் கூரை முழுக்கக் கரி.

மேண்டில் பற்றிச் சொல்லாமல் விட்டால் குமரிக்காரனான எனக்கு ஆறாது. பெட்ரோமாக்ஸ் பிறந்தது பெர்லினில். ஆனால் அந்தக் காலத்து மேண்டிலின் வெள்ளை ஒளிக்குக் காரணம் தோரியம், அது இருப்பது மோனசைட் மணலில். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் அதைக் கண்டுகொண்டு, மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். ஊர்க் கல்யாணங்களில் தலையில் சுமந்துபோன அந்த வெளிச்சத்தில் எங்கள் கடற்கரை மணலும் கொஞ்சம் இருந்திருக்கும்! தோரியம் கதிரியக்கம் உள்ளது. பழைய மேண்டில் உதிர்ந்தால் சாம்பலை ஊதாதீர்கள், கையைக் கழுவுங்கள்.

கூடாரத்துக்குள் இவற்றைப் பற்றவைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். காப்புக்காட்டுக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். எனக்குத் தோப்பும் மொட்டை மாடியும் போதும்.

இப்போது நான் எரிப்பது அத்தை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய ஸ்டவ். டேங்கில் இரண்டு நெளிவு, பித்தளை என்றே தெரியாத நிறம். வாளியில் ஒரு குமிழிகூட வரவில்லை. வாஷர் மட்டும் தேய்ந்திருந்தது. தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் தோலில் மூன்று வெட்டிக்கொடுத்தார். ஒன்று போட்டாயிற்று, இரண்டு மிச்சம். வேண்டுமென்றால் கேளுங்கள்.