அவன் அழவில்லை என்று சொன்னவர்களுக்கு

அடுத்த மாதம் என் மாமனாருக்குத் தலைத்திவசம். சாவு வீட்டில் என் மகனைக் காட்டி ஒருவர் சொன்ன வார்த்தை இன்னும் உறுத்துகிறது. "தூக்கி வளர்த்த தாத்தா. ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு."

அவனுக்கு 15 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. அன்று பறை, வெடி, ஃப்ரீசர் பெட்டியின் உறுமல், ஊதுபத்திப் புகை, கட்டிப்பிடித்து அழ வந்த கைகள். காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிட்டான். நெய்ப்பந்தம் பிடிக்க இழுத்து வரச் சொன்னார்கள். நான் விடவில்லை. பெரியவர்களுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். இருக்கட்டும்.

மாடியில் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டே இருந்தான்: "கேட்டைப் போட்டுருவான், சீக்கிரம் வாடா." தினமும் சாயங்காலம் 5 மணிக்கு அவனை ரயில் பார்க்க டிவிஎஸ் 50-இல் ஏற்றும்போது மாமனார் சொல்வது. அதே குரல், அதே இழுவை. விளையாடுகிறான் என்றார்கள். கேட்டதையே திரும்பச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று பெயர். எனக்கு அது ஒப்பாரியாகவே கேட்டது. கீழே அத்தைமார்களும் போனவரின் பேச்சையும் நடையையும் சொல்லிச் சொல்லித்தானே அழுதார்கள்?

ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அலெக்சிதைமியாவும் இருக்கிறது. உள்ளே புரள்வது துக்கமா, பயமா என்று பிரித்துச் சொல்ல வராது. அதனால் துக்கம் தாமதித்தும் வரும், வேறு வேஷத்திலும் வரும். இவனுக்கு மூன்றாம் மாதம், அந்த வண்டியை விற்ற அன்று வந்தது. சுவரில் தலையை மோதிக்கொண்டான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விற்கும் முன் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு தவறும் செய்தேன். "தாத்தா சாமிகிட்ட போயிருக்கார்" என்றேன். "எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டான். கருமாதி வரை தினமும் கேட்டான். கடைசியில், "தாத்தா செத்துட்டார். அவர் உடம்பு இனி வேலை செய்யாது. திரும்ப வர மாட்டார்" என்றேன். சொல்லும்போது என் வாய் நடுங்கியது. அவன் அந்தக் கேள்வியை அதோடு நிறுத்தினான்.

டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் எழுதினார்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றே பேசிப் பழகிவிட்டோம். அன்று மாடியில் யாருக்கு யாரைப் புரியவில்லை?

சொந்தக்காரர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். திவசத்துக்கு அவன் வருவான். முடியாதபோது எழுந்து போவான், யாரும் பிடித்து உட்கார வைக்க வேண்டாம். 5 மணிக்கு நாங்கள் இருவரும் ரயில்வே கேட்டுக்குப் போய்விடுவோம்.