எங்கள் அம்மாவுக்கு ஃபாரம் நிரப்பத் தெரியாதாம்

நேற்று சாயங்காலத்திலிருந்து வயிறு எரிகிறது. எழுதி முடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அம்மாவின் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க நேற்றுதான் கடைசி நாள். இத்தனை வருடமாக ஏஜென்ட் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போவார். இந்த வருடம் எல்லாம் ஆன்லைன்தான் என்று சொல்லிவிட்டார்கள். தானே செய்து பார்க்கிறேன் என்று அம்மாதான் ஆசைப்பட்டார். போன் அவர் கையில், நான் பக்கத்தில். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் ஒரு கட்டத்தில் போனை என் பக்கம் நீட்டி, "எனக்கு இதெல்லாம் வராதுடா, நீயே பாத்துக்க" என்றார்.

என் கோபம் முழுக்க அந்த ஒரு பேச்சின் மேல்தான்.

அம்மா தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். 1991லும் 2001லும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வெயிலில் தெருத் தெருவாகப் போய் வீட்டுக்கு வீடு படிவம் நிரப்பியவர். தேர்தல் வேலைக்குப் போனால், பதிவான ஓட்டுக் கணக்கை ஒரு எண் பிசகாமல் எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய மணியார்டர் ஃபாரமும் சாதிச் சான்று விண்ணப்பமும் அவர் கையெழுத்தில்தான் போயிருக்கின்றன. அப்பேர்ப்பட்டவரை, உனக்கு ஒரு ஃபாரம் நிரப்ப வராது என்று ஒரு போன் திரை நம்பவைத்துவிட்டது.

நானும் இதே தொழிலில்தான் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஆப்களுக்குத் திரை வடிவமைப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. நேற்று நடந்த ஒவ்வொன்றிலும் தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றுகூட அம்மாவுடைய தப்பு இல்லை.

பெயரிலேயே ஆரம்பித்தது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். அம்மா பெயர் ஆர். சரஸ்வதி. அந்த ஆர், தாத்தா பெயரின் இனிஷியல். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் யாருக்கும் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் கட்டம் சிவப்பாகிறது. ஆர் என்று ஒற்றை எழுத்தைப் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம். பக்கத்தில் புள்ளி வைத்தால் 'இன்வேலிட் இன்புட்'. தாத்தாவின் முழுப் பெயரைப் போடலாம் என்றேன். பழைய பாலிசியில் இல்லாத பெயர் இதில் வந்தால், நாளைக்கு ஆஸ்பத்திரியில் கிளெய்ம் கேட்கும்போது ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அம்மா பயந்தார். நியாயமான பயம். கடைசியில் அந்த எழுத்தையே இரண்டு தடவை அடித்தோம். ஏற்றுக்கொண்டது. அதாவது உண்மையான பெயரைச் சொன்னால் செல்லாது, பொய்யான பெயர் செல்லும். 7 கோடிக்கு மேல் மக்கள் இருக்கிற மாநிலத்தில் பாலிசி விற்கிறீர்களே, எங்கள் பெயர் எப்படி இருக்கும் என்று ஒரு ஆளைக்கூடவா கேட்கவில்லை? 'முழுப் பெயர்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தால் போதாதா?

அடுத்தது பிறந்த தேதி. காலண்டர் ஒன்று திறந்தது, இந்த மாதத்தைக் காட்டிக்கொண்டு. பின்னால் போக ஒரு சின்ன அம்புக்குறி, ஒரு தட்டுக்கு ஒரு மாதம். அம்மா பிறந்தது 1955. எழுபது வருடம், வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், 840 தட்டு. கையால் எண்ணை அடிக்கவும் விடவில்லை. மேலே வருடத்தைத் தொட்டால் வேறொரு பட்டியல் விரியும் என்று எனக்குத் தெரியும், தொழில் அது. தொடலாம் என்பதற்கு அந்தத் திரையில் ஒரு கோடு, ஒரு நிற மாற்றம்கூட இல்லை. அம்மா அதற்குள் இருபது முப்பது தட்டு தட்டியிருந்தார்.

தமிழில் பார்க்கலாமே என்று மொழியை மாற்றினோம். மேலே 'ஹோம்' என்று இருந்த இடத்தில் 'வீடு' வந்தது. பட்டனில் 'சமர்ப்' வரைதான் தெரிந்தது, மீதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. 'சப்மிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஆறு எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த பட்டன் அது. ஆனால் தப்பு நேரும்போது வரும் சிவப்பு வரி மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றது. மனுஷனுக்குத் தன் மொழி மிகவும் தேவைப்படுவதே அந்த இடத்தில்தானே?

ஐந்தாவது பக்கத்தில் பழைய பாலிசி எண் கேட்டது. அம்மா எழுந்து, கண்ணாடியைத் தேடி, பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்து வந்தார். வந்து பார்த்தால் 'உங்கள் அமர்வு முடிந்தது'. எழுதியது எதுவும் இல்லை. மறுபடி முதல் பக்கம், மறுபடி ஓடிபி.

பாதுகாப்புக்காக நேர வரம்பு வைக்கிறார்கள், சரி. ஆனால் நேரம் முடிவதற்கு முன்னால் எச்சரிக்க வேண்டும், நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி கொடுக்க வேண்டும், ஒரு தட்டில் நீட்டிக்க வழி வேண்டும். இது என் சொந்த ஆசை இல்லை. இணையதளங்கள் எல்லோருக்கும் பயன்படும்படி இருக்க உலக அளவில் போட்ட விதிகளில் 2008லிருந்து இருக்கிறது, அதுவும் அடிப்படை நிலையிலேயே. என்னென்ன ஆவணம் வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் பீரோவை முன்னாலேயே திறந்திருப்போம்.

இரண்டாவது தடவை கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டோம். அங்கே இரண்டு பட்டன், ஒட்டி ஒட்டி, ஒரே அளவு, ஒரே நீலம். ஒன்று அனுப்புவதற்கு. இன்னொன்று எல்லாவற்றையும் அழிப்பதற்கு. அம்மாவின் கட்டைவிரல் அழிப்பதன் மேல் பட்டது. நிஜமாகவா என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஏழு பக்கமும் வெள்ளையாகிவிட்டது. அப்போதுதான் போனை நீட்டி அந்தப் பேச்சைச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவின் பி-17 விமானங்களில் இதே கதை நடந்திருக்கிறது. தரையிறங்கிய பிறகு, இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறக்கி வைத்திருக்கும் 'ஃபிளாப்' என்ற தகட்டை மடக்குவதற்குப் பதிலாக விமானிகள் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடும். விமானியின் தவறு என்று எழுதி மூடிவிடுவார்கள். 1943இல் ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி. ஒன்றின் நுனியில் சக்கர வடிவத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் வைக்கச் சொன்னார். கை தடவினாலே எது எது என்று தெரிந்துவிடும். போருக்குப் பிறகு அது விமானங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. மனிதனும் கணினியும் பழகும் முறையைப் படிக்கிற எவருக்கும் இந்தக் கதையைச் சொல்லித் தருகிறார்கள். நானும் படித்தேன். அந்தத் திரையைச் செய்தவரும் படித்திருப்பார். அப்புறமும் அழிக்கிற பட்டனையும் அனுப்புகிற பட்டனையும் ஒட்டி வைத்தால் அதற்கு என்ன பெயர்?

யோசித்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். பல ஏடிஎம்களில் கார்டு முதலில் வெளியே வரும், பணம் பிறகுதான். கையில் பணம் வந்ததும் வந்த வேலை முடிந்தது என்று கார்டை விட்டுவிட்டுப் போவது மனித இயல்பு. ஆளைத் திட்டிப் பயனில்லை என்று வரிசையை மாற்றினார்கள்.

இது எப்படி நடக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அந்த மீட்டிங்குகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது ஒருவர், வயதானவர்களை வைத்துச் சோதிக்கலாமா என்று கேட்பார். இந்த ரிலீஸில் நேரமில்லை, அடுத்ததில் பார்ப்போம் என்பார்கள். அடுத்ததில் விளம்பர பேனர் வரும், புது நிறம் வரும், அது மட்டும் வராது. சோதிப்பவர்கள் எல்லோரும் இருபத்தைந்து வயது, பெரிய போன், ஆபீஸ் வைஃபை. ஐந்தே பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே குறைகளில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே, இணையதளங்கள் எளிதாகப் பயன்படுகின்றனவா என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஐந்து பேர். ஒரு காலை நேரம், ஒரு டீ, ஐந்து நாற்காலி. பாலிசிதாரர்களில் அம்மா வயதுக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களில் ஐந்து பேர் கிடைக்க மாட்டார்களா?

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "வீட்ல சின்னவங்க யாராவது இருந்தா ஹெல்ப் பண்ணச் சொல்லுங்க சார்" என்றார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் எழுதிக் கொடுத்தவர்களைக் கேட்கிறேன்: தனியாக இருக்கும் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? பிள்ளை துபாயில், மகள் பெங்களூரில், கடைசி நாள் தாண்டினால் பாலிசி காலாவதி. ஓடிபியைக் கடைக்காரரிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோதான் சொல்ல வேண்டியிருக்கும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களும் நீங்கள்தான்.

மூன்றாவது தடவை நான் அடித்துக் கொடுத்தேன். பணம் கட்டியாயிற்று. அம்மா ராத்திரி முழுக்க அதிகம் பேசவில்லை.

பெயர்க் கட்டத்தை மாற்ற உங்களுக்கு மாதக் கணக்கில் ஆகலாம், பின்னால் டேட்டாபேஸ் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. காலண்டருக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழிக்கும் பட்டனுக்கு ஒரு வரி நிரலை நீக்கினால் போதும், யாருக்கும் அது தேவையே இல்லை. அதை இன்றைக்கே எடுங்கள்.