ஐ5 என்றால் எந்த ஐ5?

அக்கா மகள் காலேஜ் சேர்ந்திருக்கிறாள், 30,000 ரூபாய்க்குள் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண வேண்டும், கோடிங் எழுத, பாடம் பார்க்க, அவ்வளவுதான். இதற்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கொட்டேஷன் கேட்டால், ஏறின கடையிலெல்லாம் கையில் திணிக்கிற துண்டுச் சீட்டில் அதே நாலு வரி: இன்டெல் ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், 450 எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கிற பெட்டி). மாடல் நம்பர் கிடையாது. என்ன கம்பெனி என்றால் "எல்லாம் நல்ல பிராண்டுதான் சார்". யோவ், அந்த நல்ல பிராண்டு எது என்றுதானே கேட்கிறேன்! நாட்டுத் தக்காளியா பெங்களூர் தக்காளியா என்று தள்ளுவண்டி அக்கா கேட்காமலே சொல்கிறார், இவர்களுக்கு வாய் வலிக்கிறது.

விடாமல் நச்சரித்தால்தான் "செகண்ட் ஜெனரேஷன் சார், சூப்பரா ஓடும்" என்று மெதுவாக வருகிறது. அதாவது 2011-இல் வந்த ஐ5-2400. ஏதோ ஆபீஸில் வருஷக்கணக்கில் உழைத்து ஸ்கிராப்புக்குப் போன பிராசசரைப் பேர் தெரியாத கம்பெனி ஒன்றின் புது எச்61 போர்டில் (அந்தக் காலத்து பிராசசருக்கான மதர்போர்டு) செருகி, 'புது மதர்போர்டு' என்று விற்கிறார்கள். அந்த ஐ5-க்கு 4 கோர், 4 திரெட், அதாவது உள்ளே மூளை நாலு, ஒரே நேரத்தில் எடுக்கிற வேலையும் நாலு. 2022-இல் வந்த ஐ3-12100-க்கு 4 கோர், 8 திரெட், வேகத்தில் அந்தப் பழைய ஐ5 இதன் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் கடைக்காரர் நமக்கே வகுப்பு எடுக்கிறார்: "ஐ3 சின்னது சார், ஐ5 பெருசு." எச்61 சிப்செட்டில் டிஸ்க்கை இணைக்கிற சாட்டாவின் வேகமே நொடிக்கு 3 ஜிகாபிட்தான், ஆக காசு கொடுத்து வாங்குகிற எஸ்எஸ்டி பாதி வேகத்தில் ஓடும். ராம் டிடிஆர்3 என்கிற பழைய வகை, நாளைக்குப் புது போர்டு வாங்கினால் அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாவது ஜெனரேஷனாவது வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. இதைச் சொன்னால் "அதெல்லாம் நாங்க ஏத்திக் கொடுத்துடுவோம் சார்". சரி, அப்புறம் அப்டேட் வராமல் போனால் யாரைப் போய்ப் பிடிப்பது?

அந்த 4 ஜிபி கிராபிக்ஸ் இன்னும் கொடுமை. 2014-இல் வந்த ஜிடி 730 கார்டு அது! ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் வாங்கினால் அதற்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் இதை விட நன்றாக ஓடும், 8 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டு போட்டால் போதும், இரண்டும் சேர்ந்து வேகம் கூடும். ஆனால் ஒரே ஸ்டிக் 16 ஜிபியைத்தான் போடுவோம் என்று அடம்.

ராம் விலை ஏறினதற்குக் கடைக்காரரைத் திட்ட மாட்டேன். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமாக அள்ளுகின்றன, மெமரி தயாரிக்கிற மைக்ரான் கம்பெனி நம்மைப் போன்றவர்களுக்கு விற்கிற குரூஷியல் ராம் வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஆனால் அதையே சாக்காக வைத்து "இன்னைக்கு மட்டும்தான் சார் இந்த ரேட்டு" என்று யோசிக்கக்கூட விடாமல் அவசரப்படுத்துகிறார்களே, அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரே ஒரு கடையில் மட்டும் மாடல் நம்பர் எழுதித் தந்தார்கள். ஐ3-12100எஃப். கடைசியில் அந்த எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் மானிட்டரில் ஒன்றும் வராது. சீட்டில் கார்டே இல்லையே என்றால், "அப்ப ஒரு 4 ஜிபி கார்டு சேர்த்துக்கலாம் சார்". அதே ஜிடி 730!

எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 450 என்று பெரிதாக இருக்கிறது, ஸ்டிக்கரைப் பார்த்தால் 12 வோல்ட் லைனில் 16 ஆம்ப், பெருக்கினால் 192 வாட். அந்த 450 என்ன என்றால் "அது மாடல் பேரு சார்". சீட்டு முழுக்க மாடல் பெயரே இல்லாத ஊரில் இதற்கு மட்டும் மாடல் பெயர்!

பில் கேட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாம். கட்டத் தயார் என்றேன். பில்லில் என்ன எழுதுவார்களாம் தெரியுமா? 'கம்ப்யூட்டர் - 1 செட்'.